ஆலன் பிளேக்னி: அரசியலுக்கு வந்த வழக்கறிஞரா, கடைசிவரை வழக்கறிஞர்தானா?

பனிவெளி கேட்டது:

வணக்கம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்குக் குடிவந்ததிலிருந்து இங்கே அரசியல் பேச்சு எடுத்தாலே இரண்டு பெயர்கள் காதில் விழுகின்றன. ஒருவர் டாமி டக்ளஸ். பொது மருத்துவக் காப்பீட்டுக்காக நின்றவர் என்று அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அதில் எனக்குக் கேள்வி இல்லை. இன்னொருவர் ஆலன் பிளேக்னி, 1971 முதல் 1982 வரை சஸ்காச்சுவான் முதல்வராக இருந்தவர். இவரைப் பற்றித்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உரம் தயாரிக்கப் பயன்படும் பொட்டாஷ் கனிமத்தின் சுரங்கங்களைக் கம்பெனிகளிடமிருந்து பிடுங்கினார் என்கிறார் ஒருவர். பிடுங்கவே இல்லை, காசு கொடுத்து வாங்கினார் என்கிறார் இன்னொருவர். உரிமைச் சாசனத்தின் சில பிரிவுகளை மீறியும் சட்டம் போட அரசுக்கு வழிவிடும் 33ஆம் பிரிவு பற்றிச் சண்டை வரும்போதெல்லாம் (2023-ல் பள்ளிப் பிள்ளைகளின் பெயர், பாலின அடையாளம் பற்றிய சட்டத்துக்கு இந்த மாகாணம் அதைப் பயன்படுத்தியது அல்லவா) அதை அரசமைப்புக்குள் கொண்டுவந்தவர்களில் பிளேக்னியும் ஒருவர் என்று யாராவது குறையாகச் சொல்கிறார்கள்.

எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். மனிதர் சட்டம் படித்தவர், ஆக்ஸ்ஃபோர்டு போனவர், இடதுசாரிக் கட்சிக்காரர். அப்படிப்பட்டவர் நீதிமன்றத் தீர்ப்பையே ஓரங்கட்ட அரசுக்கு வழிவிடும் ஒரு பிரிவு வேண்டும் என்று ஏன் நின்றார்? சட்டப் படிப்புக்கும் அவருடைய அரசியலுக்கும் என்ன தொடர்பு? கொஞ்சம் விரிவாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்கிறேன்.

சட்டப்பிரியன்:

நல்ல கேள்வி. பிளேக்னியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொட்டாஷைத் தனியாகவும் 33ஆம் பிரிவைத் தனியாகவும் பேசுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுவார் என்பது என் கருத்து.

முதலில் ஆரம்பம். இவர் இந்த மண்ணில் பிறந்தவரே இல்லை. 1925-ல் நோவா ஸ்கோஷியாவின் பிரிட்ஜ்வாட்டரில் பிறந்தார், ஹாலிஃபேக்ஸில் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டு போனார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு படிப்போடு திரும்பி வருகிறவருக்கு டொரொண்டோவிலோ ஹாலிஃபேக்ஸிலோ வசதியான வேலை காத்திருக்கும். அவர் 1950-ல் ரெஜைனாவுக்கு வந்தார். டக்ளஸ் முதல்வராக இருந்த சிசிஎஃப் (என்டிபியின் முன்னோடியான இடதுசாரிக் கட்சி) அரசு அப்போது வட அமெரிக்காவிலேயே புதுமையான ஒன்று. படித்த இளைஞர்கள் பலர் அதற்காகவே இங்கே வந்தார்கள். பிளேக்னிக்குக் கிடைத்த வேலை, மாகாண அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் செயலாளர், சட்ட ஆலோசகர். பிறகு 1955 முதல் 1958 வரை மாகாணப் பங்குச் சந்தை ஆணையத்தின் தலைவர். அப்புறம் சொந்தமாக வழக்கறிஞர் தொழில். 1960-ல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

இந்தப் பத்தாண்டைக் கவனியுங்கள். இவர் கொலை வழக்கு, சொத்து வழக்கு என்று கோர்ட்டில் நின்று பேர் வாங்கியவர் அல்ல. அரசு ஒரு தொழிலை எப்படி நடத்த முடியும், கம்பெனிகள் எப்படிப் பங்கு விற்கின்றன, ஒப்பந்தத்தில் எந்த வரி யாரைக் கட்டும், இதுதான் இவருடைய சட்டம். பின்னால் சுரங்கக் கம்பெனிகள் எதிரே வந்து உட்கார்ந்தபோது அவர்களுடைய வக்கீல்களுக்குச் சமமாக இவராலும் பேச முடிந்தது இதனால்தான்.

இப்போது எண்ணெய்க்கும் பொட்டாஷுக்கும் வருகிறேன், உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது.

1973 கடைசியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது. கம்பெனிகள் எதுவும் கூடுதலாகச் செய்யாமலே வந்த லாபம் அது, நிலத்தடியில் இருப்பது மாகாணத்தின் சொத்து, எனவே ஏறிய பங்கு மக்களுக்கு வர வேண்டும் என்று பிளேக்னி அரசு சட்டம் போட்டது. கனடியன் இண்டஸ்ட்ரியல் கேஸ் அண்ட் ஆயில் என்ற கம்பெனி வழக்குப் போட்டது. அப்போதைய அரசமைப்பின்படி மாகாணம் நேரடி வரி மட்டும்தான் விதிக்கலாம், மறைமுக வரி விதிக்கும் அதிகாரம் ஒட்டாவாவுக்கு, அதாவது கூட்டாட்சி அரசுக்கு, மட்டுமே. இது மறைமுக வரி என்று சொல்லி 1977 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வரியைத் தூக்கிவிட்டது. நீதிபதிகள் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. பிரையன் டிக்சன் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார், ஆனால் பெரும்பான்மை மாகாணத்துக்கு எதிர். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வந்தபோது, மறு ஆண்டே வேறு வடிவத்தில், முன்தேதியிட்டு ஒரு வருமான வரிச் சட்டம் போட்டு அந்தப் பணத்தைக் காப்பாற்றினார்கள். எனக்குத் தெரிந்து இப்படித் துணிந்தவர்கள் குறைவு.

பொட்டாஷிலும் இதே கதைதான், ஆனால் அங்கே அவர் முந்திக்கொண்டார். 1974-ல் பொட்டாஷ் இருப்பின் மீது மாகாணம் புது வரி போட்டது. அதே ஆண்டு ஒட்டாவா, மாகாணங்களுக்குக் கட்டும் ராயல்டியைக் கூட்டாட்சி வருமான வரிக்குக் கழிவாகக் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. கம்பெனிகள் இரண்டு பக்கமும் இடி வாங்குகிறோம் என்று விரிவாக்கத்தை நிறுத்தின, 1975-ல் வரியை எதிர்த்து நீதிமன்றம் போயின. உற்பத்திக் கட்டுப்பாட்டை எதிர்த்து சென்ட்ரல் கனடா பொட்டாஷ் போட்ட இன்னொரு வழக்கில் கூட்டாட்சி அரசே கம்பெனியோடு சேர்ந்து மாகாணத்துக்கு எதிராக வாதியாக நின்றது. சொந்த நாட்டு அரசே எதிர்த்தரப்பாக வந்து நின்றால் ரெஜைனாவில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிளேக்னி இங்கே எடுத்த முடிவில்தான் வழக்கறிஞர் தெரிகிறார். வரி போட்டால் அது நேரடியா மறைமுகமா என்று நீதிமன்றம் கேட்கும். கட்டுப்பாடு போட்டால் மாகாணங்களுக்கு இடையிலான வணிகத்தில் கை வைக்கிறாய் என்று கேட்கும். சுரங்கமே மாகாணத்தின் சொத்தாக இருந்தால்? வரும் லாபம் வரி அல்ல, உரிமையாளரின் வருமானம். ஒரு மாகாணத்தின் சொத்துக்கு வரி விதிக்க முடியாது என்று அரசமைப்பின் 125ஆம் பிரிவு சொல்கிறது. 1975 நவம்பரில் சட்டமன்றக் கூட்டத்தொடரின் தொடக்க உரையிலேயே அறிவித்தார்கள். தேவைப்பட்டால் கட்டாயமாக எடுக்கும் அதிகாரமும் 1976 ஜனவரியில் நிறைவேறிய சட்டத்தில் இருந்தது. ஆனால் ஒரு சுரங்கத்தைக்கூட அப்படி எடுக்கவில்லை. அந்த அதிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியோடும் விலை பேசி வாங்கினார்கள். கோரி, ரோகன்வில், லானிகன் என்று வரிசையாக வந்தன, மாகாணத்தின் உற்பத்தித் திறனில் ஏறக்குறைய 40 சதவீதம் மாகாண அரசின் பொட்டாஷ் கார்ப்பரேஷனின் கைக்கு வந்தது. உங்களிடம் பேசிய இரண்டு பேரும் சொன்னதில் இரண்டாமவர் சொன்னதுதான் சரி. முதலாமவர் சொன்ன பயம் பேரத்தில் இருந்தது உண்மை.

33ஆம் பிரிவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கொஞ்ச நேரம் கொடுங்கள்.

கோதுமைவயல்:

சட்டப்பிரியன் அருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் பொட்டாஷையும் கோர்ட்டையும் மட்டும் வைத்து இவரை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிளேக்னி என்னைப் பொறுத்தவரை நிர்வாகத்தில் கெட்டிக்காரர், அது அரசு ஊழியராக இருந்து வந்த பழக்கம்.

1960-ல் தேர்வானவுடன் கல்வி அமைச்சர், அடுத்த ஆண்டு நிதி. 1962 ஜூலை 1-ம் தேதி மருத்துவக் காப்பீடு நடைமுறைக்கு வந்த அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், 23 நாள். டக்ளஸ் அப்போது கூட்டாட்சி அரசியலுக்குப் போய்விட்டார், முதல்வர் வுட்ரோ லாயிட். இங்கிலாந்திலிருந்து வந்த டெய்லர் பிரபு நடுவில் நின்று சாஸ்கடூனில் உடன்பாடு ஏற்பட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சுகாதாரத் துறை பிளேக்னியிடம் வந்தது. இது சின்ன விஷயம் இல்லை. சட்டம் நிறைவேறிவிட்டது, கைகுலுக்கியாகிவிட்டது, ஆனால் கோபத்தோடு திரும்பிய டாக்டர்களுக்கு மாதாமாதம் பணம் ஒழுங்காகப் போக வேண்டும், நோயாளிக்குச் சிக்கல் வரக்கூடாது, எதிர்ப்புக் குழுக்கள் மறுபடி கிளம்பக் காரணம் கிடைக்கக்கூடாது. அந்த இரண்டு ஆண்டு ஓட்டம் தடுமாறியிருந்தால் மற்ற மாகாணங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றியிருக்குமா? 1964-ல் ராஸ் தாட்சரின் லிபரல்கள் ஆட்சிக்கு வந்தபோது திட்டத்தை எடுக்க முடியாத அளவுக்கு அது ஊன்றிவிட்டது. டக்ளஸ் கனவு கண்டார், லாயிட் அடி வாங்கினார், நடைமுறையில் நிலைநிறுத்தியதில் பிளேக்னிக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை, பெயரையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1971-ல் 60 இடங்களில் 45 வென்று முதல்வரான பிறகு செய்ததைப் பாருங்கள். 1972-ல் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம்: ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை, தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்த குழு கட்டாயம். இப்போது எந்த மாகாணத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1974-ல் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை, 1975-ல் மருந்துச் செலவுக்கு உதவித் திட்டம். ஏழைகளுக்குச் சட்ட உதவி, குறைகேள் அலுவலர், மனித உரிமைச் சட்டம் எல்லாம் இவர் காலத்தவை. விவசாயிகளிடம் நிலத்தை அரசு வாங்கி இளைஞர்களுக்குக் குத்தகைக்கு விட்ட நில வங்கி மட்டும் பிசகியது. நிலம் சொந்தமாக வேண்டும் என்று நினைக்கிற ஊரில் அரசே நிலச்சுவான்தார் ஆவதை மக்கள் விரும்பவில்லை, எதிர்க்கட்சிகள் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டன.

பனிவெளி:

இரண்டு பேருக்கும் நன்றி. பள்ளிக்கூடப் பல் சிகிச்சை பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. அது இப்போது ஏன் இல்லை? அப்புறம் 33ஆம் பிரிவுக்குக் காத்திருக்கிறேன்.

கோதுமைவயல்:

பிளேக்னியைத் தோற்கடித்து வந்த கிராண்ட் டிவைன் அரசு 1987-ல் அதை மூடிவிட்டது. தனியார் பல் மருத்துவர்களிடம் போகச் சொல்லிவிட்டார்கள். சின்ன ஊர்களுக்குத்தான் பெரிய இழப்பு, பக்கத்தில் பல் டாக்டரே இல்லாத இடங்களில் அந்தப் பள்ளிக்கூட அறைதான் பிள்ளைகளுக்கு இருந்தது. இதைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் உண்டு.

சட்டப்பிரியன்:

சரி, 33.

1980 அக்டோபரில் பிரதமர் பியர் ட்ரூடோ, மாகாணங்கள் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்தைப் பிரிட்டனிலிருந்து கொண்டுவந்து உரிமைச் சாசனத்தையும் அதில் சேர்க்கப்போவதாக அறிவித்தார். ஒண்டாரியோவும் நியூ பிரன்சுவிக்கும் ஆதரவு. ஆறு மாகாணங்கள் எதிர்ப்பு. சஸ்காச்சுவானும் நோவா ஸ்கோஷியாவும் எந்தப் பக்கமும் சேராமல் பேசிப் பார்த்தன. பிளேக்னியின் சொந்தக் கட்சியின் கூட்டாட்சித் தலைவர் எட் பிராட்பெண்ட், இயற்கை வளம் பற்றி ஒரு வாக்குறுதியை வாங்கிக்கொண்டு ட்ரூடோவை ஆதரித்தார். பிளேக்னிக்கு அது போதவில்லை. கட்சிக்குள்ளேயே மனக்கசப்பு வந்தும் அவர் 1981 வசந்தத்தில் எதிர்த்து நின்ற மாகாணங்களோடு சேர்ந்தார், எட்டு மாகாணக் கூட்டணி அப்படித்தான் முழுமையானது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது மற்ற மாகாணங்கள் பலவும் எல்லா மாகாணங்களின் சம்மதமும் வேண்டும் என்று வாதிட்டன. சஸ்காச்சுவான் மட்டும் வேறு வாதம் வைத்தது: எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் கணிசமான மாகாணங்களின் சம்மதம் வேண்டும். 1981 செப்டம்பர் 28-ம் தேதி நீதிமன்றம் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. சட்டப்படி ஒட்டாவா தனியாகச் செய்யலாம், மரபுப்படி கணிசமான சம்மதம் தேவை. இந்த ஒரு வரிதான் எல்லாரையும் மறுபடி மேசைக்கு இழுத்து வந்தது. நவம்பர் மாநாட்டில் பிளேக்னியின் அட்டர்னி ஜெனரல் ராய் ரோமனோவ், ஒட்டாவாவின் ஜான் கிரெட்சியன், ஒண்டாரியோவின் ராய் மெக்மர்ட்ரி மூவரும் ஒரு சமையலறையில் நின்று உடன்பாட்டின் அடிப்படையைக் குறித்துக்கொண்டது எல்லாரும் கேட்ட கதை. ரெனே லெவெக்கின் கியூபெக் அதில் இல்லை, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

இப்போது உங்கள் கேள்வி: ஏன் 33? முதலில், அது பிளேக்னி ஒருவரின் வேலை இல்லை. அல்பர்ட்டாவின் பீட்டர் லோஹீட், மனிடோபாவின் ஸ்டெர்லிங் லயன் இருவரும் அழுத்தமாக நின்றார்கள். இருவரும் கன்சர்வேடிவ், இருவரும் வழக்கறிஞர்கள். இடதுசாரியான பிளேக்னியும் அவர்களும் இதில் ஒரே பக்கம் நின்றதுதான் பலருக்குக் குழப்பம். ஆனால் காரணம் வேறு. பிளேக்னியின் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். சாசனத்தில் எழுதப்படும் உரிமைகள் பேச்சு, மதம், நியாயமான விசாரணை போன்றவை. மருத்துவம் பெறும் உரிமை, வேலை, வீடு, பசி இல்லாமல் வாழ்வது, இவை அதில் இல்லை. எழுதப்பட்ட உரிமைக்கும் எழுதப்படாத தேவைக்கும் மோதல் வந்தால் நீதிபதி எழுதப்பட்டதன் பக்கம்தான் சாய்வார், ஏனென்றால் அவர் கையில் இருக்கும் ஏடு அது. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் நலச் சட்டங்களை ஒப்பந்தச் சுதந்திரம் என்ற பெயரில் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்த வரலாறு இடதுசாரிகளுக்கு நன்றாகத் தெரியும். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றமும் உரிமைகளைக் காக்கிற இடம்தான், கடைசிச் சொல்லை முழுவதுமாக நீதிபதிகளிடம் கொடுத்துவிடக் கூடாது, இதுதான் அவர் நிலை.

இது ஏட்டுக் கருத்து மட்டும் இல்லை. எண்ணெயில் ஒரு தடவை, 1978-ல் பொட்டாஷ் உற்பத்திக் கட்டுப்பாட்டில் இன்னொரு தடவை என்று உச்ச நீதிமன்றத்தில் அவர் அரசு தோற்றிருந்தது. மக்கள் வாக்களித்த திட்டம் ஒரு கம்பெனியின் மனுவால் சாய்ந்ததை நேரில் பார்த்தவர். அதனால்தான் அதே அரசமைப்புப் பேச்சில் 92ஏ பிரிவு வந்ததற்கு அவர் அவ்வளவு மெனக்கெட்டார். புதுப்பிக்க முடியாத இயற்கை வளங்களை மாகாணமே ஆளலாம், நேரடி வரியோ மறைமுக வரியோ விதிக்கலாம் என்கிறது அது. கோர்ட்டில் தோற்ற அதே விஷயத்தை அரசமைப்பிலேயே எழுதி வாங்கிவிட்டார். நான் அவரை மதிப்பதற்கு இதுவே போதும். தீர்ப்பை மீறவில்லை, நீதிபதிகளைத் திட்டிக்கொண்டு திரியவில்லை, அடுத்த சட்டபூர்வமான வழி எது என்று தேடினார், கிடைக்காதபோது விதியையே மாற்றினார்.

33க்கு எல்லைகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வாக்குரிமை, மொழி உரிமை, நாட்டுக்குள் எங்கும் போய் வாழும் உரிமை இவற்றை அது தொடாது. ஐந்து ஆண்டில் காலாவதியாகும், மறுபடி வெளிப்படையாக நிறைவேற்ற வேண்டும். இடையில் தேர்தல் வரும் என்பதுதான் கணக்கு.

வடதிசை:

நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி சரி. ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

சட்டமன்றமும் உரிமையைக் காக்கும் என்பது, சட்டமன்றத்தில் எண்ணிக்கை உள்ளவர்களுக்குச் சரி. எண்ணிக்கை இல்லாதவர்கள் என்ன செய்வது? 1986-ல் அரசு ஊழியர்களை வேலைக்குத் திரும்பச் சொன்ன சட்டத்துக்கு டிவைன் அரசு இதே பிரிவைப் பயன்படுத்தியது. தொழிலாளர் சட்டங்களை நீதிபதிகளிடமிருந்து காப்பாற்றத்தான் இது வேண்டும் என்று சொன்ன மனிதரின் மாகாணத்திலேயே இது தொழிலாளர்களுக்கு எதிராகத்தான் முதலில் பாய்ந்தது. 2023-ல் பள்ளிப் பிள்ளைகள் மேல். பிளேக்னி நினைத்த பயன்பாடு இதுவா? இல்லை. ஆனால் சட்டம் எழுதுகிறவர், தனக்குப் பின்னால் வருகிறவர் கையில் அது என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? வழக்கறிஞர் என்றால் அதுதானே தொழில்?

வடக்கைப் பற்றியும் யாரும் பேசவில்லை. க்ளஃப் லேக்கில் யுரேனியம் எடுப்பதா வேண்டாமா என்று 1977-ல் நீதிபதி பேய்டா தலைமையில் விசாரணை வைத்தார்கள். விசாரணை வைத்தது நல்லது, மற்ற இடங்களில் அதுகூட இல்லை. ஆனால் தேவாலயங்கள், கட்சியின் சொந்தத் தொண்டர்கள், வடக்கிலிருந்த பழங்குடி மக்கள் பலர் வேண்டாம் என்றார்கள், சுரங்கம் வந்தது. வேலையில் வடக்கத்தியாருக்குப் பங்கு என்று குத்தகை ஒப்பந்தத்தில் எழுதினார்கள், அது ஒரு முன்னேற்றம்தான். நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

அதே நேரம் அவருக்குச் சேர வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1981 நவம்பர் உடன்பாட்டில் பழங்குடி மக்களின் உரிமைப் பிரிவு கழற்றிவிடப்பட்டது. பெண்களுக்குச் சம உரிமை தரும் 28ஆம் பிரிவும் 33க்குக் கீழ் போய்விட்டது. பெண்கள் அமைப்புகள் நாடு முழுக்கக் கொதித்தெழுந்தபோது மற்ற முதல்வர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள், கடைசியாக நின்றவர் பிளேக்னி. உடன்பாட்டை மறுபடி திறப்பதானால் பழங்குடி உரிமையும் திரும்ப வர வேண்டும் என்பது அவர் நிபந்தனை. பெண்கள் அமைப்புகளுக்கு அந்த நாட்களில் அவர் மேல் கடும் கோபம், அதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் திரும்ப வந்தன. இன்றைக்கு நில வழக்குகளில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற 35ஆம் பிரிவு இப்படி மீட்டெடுக்கப்பட்டதுதான், நடப்பில் உள்ள உரிமைகள் என்ற சொல்லை அல்பர்ட்டா நுழைத்தது தனிக்கதை.

கணக்கேடு:

வடதிசை சொன்ன தொழிலாளர் விஷயத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் 1982 தோல்வியை யாரும் இன்னும் எடுக்கவில்லை. 1982 மார்ச்சில் மருத்துவமனை ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியது பிளேக்னி அரசே. தேர்தல் நேரத்தில் வேலைநிறுத்தம் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. தொழிற்சங்கங்கள் முகம் திருப்பிக்கொண்டன. வட்டி விகிதம் அப்போது வீட்டுக் கடன் வாங்கியவர்களை நசுக்கிக்கொண்டிருந்தது. டிவைன் இரண்டே வாக்குறுதி சொன்னார்: பெட்ரோல் வரி போகும், வீட்டுக் கடன் வட்டி 13¼ சதவீதத்துக்கு மேல் போகாமல் அரசு பார்த்துக்கொள்ளும். பிளேக்னி தரப்பு அரசு நிறுவனங்களின் சாதனைகளைப் பெருமையாக விளம்பரம் செய்துகொண்டிருந்தது. வீட்டில் பணம் இல்லாதவனிடம் அரசிடம் பணம் இருக்கிறது என்று சொன்னால் அவனுக்கு எரிச்சல்தான் வரும்.

ஏப்ரல் 17-ம் தேதி புதிய அரசமைப்பு அமலுக்கு வந்தது. ஏப்ரல் 26-ம் தேதி தேர்தல். 64 இடங்களில் பிளேக்னியின் கட்சியான என்டிபிக்குக் கிடைத்தது 9. ரோமனோவே 19 வாக்குகளில் தன் தொகுதியை இழந்தார். பிளேக்னி ரெஜைனாவின் எல்ஃபின்ஸ்டோன் தொகுதியில் வென்று எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். இந்த அளவு அடி வாங்கிய முதல்வர்கள் பலர் மறுநாளே கம்பெனி இயக்குநராகப் போய்விடுவார்கள். இவர் இருந்து கட்சியைத் தூக்கி நிறுத்தினார். 1986-ல் டிவைன் கட்சியைவிட அதிக வாக்குகள் வாங்கியும் இடங்கள் 25-தான், டிவைனுக்கு 38. மறு ஆண்டு தலைமையை விட்டார். ரோமனோவ் 1991-ல் ஆட்சிக்கு வந்தார்.

பொட்டாஷ் கார்ப்பரேஷனை 1989-ல் டிவைன் அரசு தனியாருக்கு விற்றது. 2010-ல் ஆஸ்திரேலியாவின் பிஎச்பி அதை வாங்க வந்தபோது, வலதுபக்கக் கட்சியின் முதல்வர் பிராட் வால் எதிர்த்தார், ஒட்டாவா தடுத்தது. சஸ்காச்சுவானின் பொட்டாஷ் வெளியார் கைக்குப் போகக்கூடாது என்ற உணர்வு இந்த மாகாணத்தில் எல்லாக் கட்சிக்கும் பொதுவானதற்கு 1975-ல் நடந்தது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். 2018-ல் அது அக்ரியத்தோடு இணைந்து நியூட்ரியன் ஆனது. விற்காமல் வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்ற விவாதம் இங்கே ஓயாது.

பனிவெளி:

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, மனமார்ந்த நன்றி. வடதிசை சொன்னதுதான் மனதில் நிற்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: பதவி போன பிறகு பிளேக்னி என்ன செய்தார்? தன் நிலையை மாற்றிக்கொண்டாரா?

சட்டப்பிரியன்:

1988 வரை சட்டமன்றத்தில் இருந்தார். பிறகு டொரொண்டோவில் ஆஸ்குட் ஹால் சட்டக் கல்லூரி, அப்புறம் சாஸ்கடூனில் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகச் சட்டத் துறை என்று கற்பித்தார். 1991-ல் பழங்குடி மக்கள் பற்றிய அரச ஆணையத்தில் உறுப்பினராக நியமிக்கப்பட்டு, வேலை முடியும் முன்பே 1993-ல் விலகினார். 2008-ல் அரசியல் நினைவுகளை நூலாக எழுதினார். 2011 ஏப்ரல் 16-ம் தேதி சாஸ்கடூனில் காலமானார்.

33 பற்றி நிலையை மாற்றிக்கொள்ளவில்லை, கடைசிவரை அதற்காக வாதாடினார். 2005-ல் கியூபெக்கின் சவுலி வழக்கில், தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் கியூபெக்கின் சாசனத்தின் பேரில் செல்லாது என்றது. பொது மருத்துவத்தை உரிமை என்ற பெயரிலேயே உடைக்கப் பார்ப்பார்கள் என்ற அவருடைய பயம் வீண் பயம் இல்லை என்பதற்கு நான் காட்டுவது இந்த வழக்கை. வடதிசையின் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். எண்ணிக்கை இல்லாதவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதற்கு அவரிடம் இருந்த பதில், அடுத்த தேர்தல் என்பது மட்டும்தான்.

வடதிசை:

அந்த நினைவு நூலில் அரசமைப்புப் பேச்சுகள் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள், பனிவெளி. ரெஜைனா பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். படித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், 28ஆம் பிரிவில் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிச் சட்டப்பிரியனோடு எனக்கு இன்னும் பேச வேண்டியிருக்கிறது.